ஒரே தடம், இரு வேகம்

ஓர் உறையில் இரு வாள் இருக்க முடியாது என்பது முதுமொழி. ஆனால் நிலையந்தோறும் நிற்கும் மின்சார ரயிலும், நில்லாமல் பாயும் விரைவு வண்டியும் ஒரே தண்டவாளத்தில் ஓடும் நிலை பல இடங்களில் உண்டு. இஃது எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சென்னைக் கடற்கரை - தாம்பரம் - செங்கற்பட்டுப் பாதையைக் கொண்டு காண்போம்.

1931ஆம் ஆண்டு கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. இன்று அஃது அகலப்பாதை. மதுரை, திருச்சி, நெல்லை முதலிய ஊர்களிலிருந்து எழும்பூருக்கு வரும் வண்டிகளுக்கும் இதுவே வழி.

விரைவு வண்டியின் வேகமே தொல்லை என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் தொல்லை வேகத்தில் இல்லை. வேக வேறுபாட்டில் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 கிலோமீட்டரை மின்சார ரயில் 50 நிமிடத்திலும், விரைவு வண்டி 30 நிமிடத்திலும் கடப்பதாகக் கொள்வோம். முன்னே மின்சார ரயில் புறப்பட்டு 20 நிமிடம் கழியாமல் விரைவு வண்டி கிளம்பினால், வழியில் அதன் பின்னால் நிற்க நேரிடும். பாதுகாப்புக்கு 5 நிமிடம் சேர்த்தால் 25 நிமிடம் ஆகிறது. ஐந்து நிமிடத்திற்கொரு மின்சார ரயில் விடும் தடத்தில், ஐந்து ரயில்களின் இடத்தை ஒரே விரைவு வண்டி எடுத்துக்கொள்கிறது!

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, தனித்தனித் தடங்கள். எழும்பூருக்கும் தாம்பரத்திற்கும் இடையே இவ்வாறே பிரித்திருக்கிறார்கள். தாம்பரத்திற்கு அப்பால் இரண்டே தடங்கள் இருந்தன; அண்மை ஆண்டுகளில் மூன்றாவது தடம் போடப்பட்டது. இரண்டாவது, நேரப் பங்கீடு. தென்மாவட்டங்களிலிருந்து இரவில் கிளம்பும் வண்டிகள் பலவும், அலுவலகக் கூட்டம் தொடங்குமுன் விடியற்காலையிலேயே எழும்பூரை அடைந்துவிடுகின்றன. மூன்றாவது, மெதுவான வண்டியை நிலையத்தின் பக்கத் தடத்தில் நிறுத்தி, விரைவு வண்டிக்கு வழிவிடுதல். இவை அனைத்திற்கும் காவல் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குகளே.

தடங்களைப் பிரித்தாலும், கோளாறு நேர்ந்தால் ஒன்றின் தடத்தில் மற்றொன்று செல்ல வேண்டிவரும். 2018 ஜூலை 24 அன்று மின்கம்பிக் கோளாற்றினால் ஒரு மின்சார ரயில் விரைவுத் தடத்தில் திருப்பிவிடப்பட்டது. பரங்கிமலை நிலையத்தில், படியில் தொங்கியவர்கள் தடுப்புச் சுவரில் மோதினர், சிலர் உயிரிழந்தனர். நாள்தோறும் பழகிய பாதை அன்று வேறாகிவிட்டது.

வண்டி வழியில் நின்றால் நாம் முணுமுணுக்கிறோம். கடந்து செல்லும் விரைவு வண்டியில், சென்னை மருத்துவமனையை நாடி வரும் நோயாளி இருக்கலாம். நிற்கும் ரயிலிலோ, பத்து நிமிடம் தாமதித்தால் அரைநாள் கூலி இழக்கும் தாய் இருக்கலாம். எப்போதும் ஒருவரே காத்திருப்பது நீதியன்று. ஆகவே புதிய தடங்கள் அமைவது ஆடம்பரமன்று, தேவையே ஆகும். அதுவரை படியில் தொங்காமலும், தண்டவாளத்தைக் குறுக்கே கடக்காமலும், பொறுமையுடன் பயணம் செய்வோமாக!