சிற்றிதழும் வாசகர் மறுமொழியும்

பண்டைக் காலத்தில் ஒரு புலவர் நூல் இயற்றினால், அதனைக் கற்றோர் அவையில் அரங்கேற்றுவது வழக்கம். அவையினர் ஐயம் எழுப்புவர். நூலாசிரியர் விடை கூறுவார். அத்தகைய அவை இன்று அரிதாகிவிட்டது. ஆயினும் அதன் பணியைச் செய்யத்தக்க இடம் ஒன்று உண்டு. அதுவே இலக்கியச் சிற்றிதழ். பல்லாயிரம் பிரதிகள் விற்கும் பத்திரிகை, வாசகர் பேசாதிருந்தாலும் நடைபெறும். சில நூறு பேரை நம்பி வெளிவரும் இதழின் நிலை வேறு. அங்கே வாசகர் வாய் திறவாவிட்டால், எழுதியவருக்குத் தம் சொல் எவரைச் சென்று சேர்ந்தது என்பதே தெரியாமற் போகும். ஆகவே, கதையோ கவிதையோ படித்தபின் நம்முள் எழும் உணர்வை ஆராய்ந்து எடுத்துரைக்கும் முறையைச் சிறிது காண்போம்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாக வகுத்தார். படித்து முடித்ததும் இவற்றுள் எது நமக்கு உண்டாயிற்று என்று தெளிவது முதற்படி. அவ்வுணர்வு யார்மேற் செல்கிறது என்று நோக்குவது இரண்டாம் படி. அதனை எழுப்பிய இடம் எது என்று சுட்டிக் காட்டுவது மூன்றாம் படி.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். 1934-ஆம் ஆண்டு 'மணிக்கொடி'யில் புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' என்னும் சிறுகதை வெளிவந்தது. ஆலையில் வேலை செய்யும் அம்மாளுவுக்கு, அடிபட்டுக் கிடக்கும் கணவனின் பசியைத் தீர்ப்பதற்காகத் தன்னையே விற்க நேர்கிறது. படிப்போருக்கு வெகுளி உண்டாவது இயல்பே. அவ்வெகுளி அம்மாளுவின் மேலா? அவளை அந்நிலைக்குத் தள்ளிய நகரத்தின் மேலா? கற்பைப் பற்றிப் பேசுவோரைக் குத்திக் காட்டும் ஆசிரியர் மேலா? 'ஒழுக்கக் கேடான கதை' என்று ஒரே வரியில் ஒதுக்குபவர் இவ்வினாக்களுக்கு விடை தேடாதவர். அந்தக் குத்தல் கதையின் உள்ளிருந்து எழுகின்றதா, வெளியிலிருந்து ஒட்டப்பட்டதா என்று கேட்பவரோ, கதையில் குறை கண்டாலும் அதற்கு நன்மை செய்தவரே ஆவார்.

கவிதையில் இடர் சற்று மிகுதி. 1959 சனவரியில் சி. சு. செல்லப்பா 'எழுத்து' என்னும் இதழைத் தொடங்கினார். ந. பிச்சமூர்த்தி முதலியோரின் புதுக்கவிதைகள் அதில் இடம்பெற்றன. வெண்பாவுக்கும் விருத்தத்துக்கும் பழகிய செவிக்கு அவை கவிதையாகவே தோன்றாமல் இருக்கலாம். இங்கே ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. 'எனக்கு விளங்கவில்லை' என்பது வாசகர் தம் நிலையைக் கூறுவது; 'இது கவிதையன்று' என்பது கவிதையின்மேல் வழங்கும் தீர்ப்பு. முன்னதைச் சொல்ல நேர்மை போதும். பின்னதைச் சொல்லக் காரணம் வேண்டும். வகுப்பறையில் நான் பல்லாண்டு கண்ட உண்மை ஒன்றுண்டு: மௌனமாகப் படித்தபோது விளங்காத பாட்டு, வாய்விட்டுப் படித்தபோது பாதி விளங்கிவிடும். புதுக்கவிதைக்கும் இது பொருந்தும். வரி முடியும் இடத்தில் சற்றே நிறுத்தி, இருமுறை உரக்கப் படியுங்கள். அதன் பின்னும் அது வெறும் உரைநடையாகவே ஒலித்தால், அவ்வாறே எழுதுங்கள். எந்த வரியில் ஓசை தளர்கிறது என்றும் குறிப்பிடுங்கள்.

இதனால் விளையும் பயன் என்ன என்று சிலர் கேட்கலாம். இலங்கையின் திருகோணமலையைச் சேர்ந்த தருமு சிவராமு, இருபது வயதை ஒட்டிய இளமையிலேயே 'எழுத்'தில் எழுதலானார். பின்னாளில் பிரமிள் என்று அறியப்பட்டவர் அவரே. இத்தகைய இளைஞருக்கு இடமளித்த அவ்விதழ், பொருள் வளம் இன்றியே 1970 வரை வெளிவந்தது. பெயர் அறியப்படாத இளம் எழுத்தாளருக்குப் பரிசும் பணமும் உடனே கிட்டுவதில்லை. தாம் எழுதியதை ஒருவர் ஊன்றிப் படித்தார் என்னும் செய்தியே அவரை அடுத்த படைப்புக்கு இட்டுச் செல்கிறது.

வெறும் புகழ்ச்சி அச்செய்தியைத் தருவதில்லை. வெறும் இகழ்ச்சியும் தருவதில்லை. இன்ன வரி என்னை இவ்வாறு தொட்டது, இன்ன இடத்தில் என்னைக் கைவிட்டது என்று எழுதும் நான்கு வரிக் கடிதம் அதனைத் தரும். அடுத்த முறை ஒரு சிற்றிதழ் உங்கள் கைக்கு வருமாயின், படித்து மடித்து வைக்குமுன் அந்த நான்கு வரிகளை எழுதி அனுப்புங்கள்.