மழையை மில்லிமீற்றரில் அளந்தறிவோம்

கமக்காரர்களே!

“20 மில்லிமீற்றர் மழை பெய்தது” என்று வானொலியிற் கேட்கின்றீர்கள். அது தோட்டத்திற்கு எவ்வளவு நீர் என்பதை அறிந்தால், வீண் இறைப்பைத் தவிர்க்கலாம்.

மில்லிமீற்றர் என்பது ஒரு மீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு. 25.4 மில்லிமீற்றர் ஓர் அங்குலமாகும். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் 1 மில்லிமீற்றர் உயரத்திற்கு நிற்கும் நீர் 1 லீற்றர் ஆகும். பதினாறு பரப்பு ஓர் ஏக்கராதலால், ஒரு பரப்பு ஏறக்குறைய 253 சதுர மீற்றர். ஆகவே 20 மில்லிமீற்றர் மழை பரப்பொன்றுக்குச் சுமார் 5,060 லீற்றர் நீரைத் தருகின்றது.

மழை ஊருக்கு ஊர் வேறுபடும். எனவே உங்கள் தோட்டத்திலேயே அளவுங்கள்.

1. அடி தட்டையாகவும் பக்கங்கள் நேராகவும் உள்ள பேணியொன்றை எடுங்கள்.
2. மரநிழலும் தாழ்வாரமும் அணுகாத வெளியில், சரியாதவாறு நிறுத்துங்கள்.
3. நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில் அடிமட்டத்தை நிறுத்தி நீரின் உயரத்தைப் பாருங்கள். அடிமட்டத்தின் நுனிக்கும் பூச்சியக் கோட்டிற்கும் இடைவெளி இருப்பின், அதனையும் கூட்டிக்கொள்ளுங்கள்.
4. அளவைக் குறித்துக்கொண்டு பேணியை வெறுமையாக்குங்கள்.

இரண்டு மூன்று மில்லிமீற்றர் தூறல் இலையிலும் மேல்மண்ணிலும் உலர்ந்துவிடும். கடும் மழையில் ஒரு பகுதி வழிந்தோடும். ஆதலால் வேர் மட்டத்து மண்ணையும் கிளறிப் பார்த்தே இறைப்பை முடிவுசெய்க.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் பகுதிகளில் அளவுக்கு மீறி இறைக்குங்கால் கிணற்றில் உவர் ஏறும். வேண்டாத ஓர் இறைப்பைத் தவிர்த்தால் எரிபொருள் மிஞ்சும். கிணற்று நன்னீரும் காக்கப்படும்.