பற்றீரியாவும் மனித நலமும்: சில அடிப்படை வினாக்கள்

‘கிருமி’ என்ற சொல் ஆதியிற் புழுவைக் குறித்தது. இன்று அது கண்ணுக்குப் புலனாகாத பகைவனைக் குறிக்கும் சொல்லாக வழங்குகின்றது. சவர்க்காரம் விற்போரும் அதனைப் பயன்படுத்துகின்றனர். வேண்டாதோரை இழித்துரைக்கும் அரசியல்வாதிகளும் பயன்படுத்துகின்றனர். அச்சத்தை அடிப்படையாகக் கொண்ட இச்சொல்வழக்கு, நோய் எவ்வாறு தோன்றுகின்றது என்ற வினாவைத் தெளிவுபடுத்துவதற்குப் பதிலாக மறைத்தே வந்துள்ளது. எனவே பற்றீரியாக்கள் பற்றிப் பொதுவாக எழுப்பப்படும் ஐந்து வினாக்களை இக்கட்டுரையில் வரிசைப்படி நோக்குவோம். அவற்றுள் நான்காவதே நம்மைப் பொறுத்தவரை மையமானது.

1. பற்றீரியா என்பது யாது?

பற்றீரியாக்கள் ஒற்றைக் கலத்தாலான உயிரிகள். அக்கலத்தினுள்ளே மென்சவ்வாற் சூழப்பட்ட கரு இல்லை. அவற்றுட் பெரும்பாலானவை ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு, அல்லது அதனிலும் சில மடங்கு அளவினவே. நெதர்லாந்தின் டெல்ஃப்ற் நகரிலே துணி வணிகராயிருந்த லேவன்ஹூக், தாமே தேய்த்துச் செய்த வில்லைகளின் துணைகொண்டு இத்தகைய நுண்ணுயிர்களைக் கண்டு, 1676இல் இலண்டன் றோயல் சங்கத்துக்கு எழுதினார். எனினும் அவற்றுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு உறுதிப்பட மேலும் இருநூறு ஆண்டுகள் சென்றன.

வைரசுகள் இவற்றினின்றும் வேறானவை. அவை கலங்களல்ல, பிறிதோர் உயிரியின் கலத்தினுட் புகுந்தே பெருக வல்லன. பற்றீரியாவோ உணவும் வெப்பமும் ஏற்றவாறு அமையின் தானே பிரிந்து பெருகும். குடலில் வாழும் ஈ. கோலை என்ற இனம் சாதகமான சூழலில் ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கின்றது. இவ்வேறுபாடும் இவ்வேகமும் மருந்து பற்றிய வினாவில் மீண்டும் முக்கியத்துவம் பெறும்.

2. அவை யாவும் பகையோ?

அல்ல. 2016இல் வெளியான ஒரு கணிப்பின்படி, சராசரி மனித உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள் வாழ்கின்றன. உடலின் சொந்தக் கலங்களும் ஏறத்தாழ அதே தொகையினவே. பெருங்குடலில் உள்ளவை நம்மாற் சமிக்க இயலாத நார்ப்பொருளை நொதிக்கச் செய்கின்றன. விற்றமின் கே போன்றவற்றை ஆக்குகின்றன. இடத்தையும் உணவையும் தாமே கைக்கொண்டு, தீங்கு செய்யும் இனங்கள் காலூன்றாது தடுக்கின்றன. தோசை மா புளிப்பதும் பால் தயிராவதும் பற்றீரியாக்களின் தொழிற்பாடே. பயற்றஞ் செடியின் வேர்முடிச்சுக்களிலிருந்து வளியின் நைதரசனை மண்ணுக்குச் சேர்ப்பவையும் அவையே.

ஒரே இனம் இடத்துக்கேற்ப இரு பாத்திரங்களை ஏற்பதும் உண்டு. குடலிலே தீங்கின்றி வாழும் ஈ. கோலை, சிறுநீர்ப் பாதையை அடையும்போது அங்கு தொற்றை உண்டாக்குகின்றது. பகைமை என்பதைத் தனியே ஓர் உயிரியின் பிறவிக்குணமாகக் கொள்ளாது, உயிரிக்கும் உடலுக்கும் சூழலுக்கும் இடையிலான உறவின் ஒரு நிலையாகக் கொள்வதே பொருத்தமாகும்.

3. நோய் எவ்வாறு விளைகின்றது?

இதற்கு ஒரே விடை இல்லை. வாந்திபேதியை உண்டாக்கும் பற்றீரியா சிறுகுடலின் சுவரில் ஒட்டி நின்று ஒரு நச்சுப் பொருளைச் சுரக்கின்றது. அந்நஞ்சு குடற் கலங்களிலிருந்து உப்பையும் நீரையும் வெளியேறச் செய்கின்றது. நோயாளி இறப்பது நீரிழப்பினால். ஆகவே இழந்ததை ஈடுசெய்தாற் பெரும்பாலோரைக் காப்பாற்றலாம். 1971இல் பங்களாதேசப் போரின் அகதிகள் நிறைந்திருந்த மேற்கு வங்கத்துப் பொங்காவோனில், நாளத்தின்வழி ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழி கொடுக்கச் செய்தார். நோயாளரின் உறவினரே அதனை ஊட்டினர். ஏறத்தாழ 30 விழுக்காடாயிருந்த இறப்பு, 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. மருத்துவ அறிவு மக்களின் கைக்கு மாறியமையாலேயே இது சாத்தியமாயிற்று.

கசநோயின் இயல்பு வேறு. அதன் பற்றீரியா நுரையீரலில் நெடுங்காலம் உறங்கிக்கிடக்க வல்லது. அதனை அடக்க முனையும் உடலின் எதிர்ப்பே நுரையீரற் சிதைவிற் பெரும்பங்கு கொள்கின்றது. உலக மக்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இப்பற்றீரியாவின் தொற்றுக்கு ஆளானவர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது. ஆயின் அவர்களுள் 5 முதல் 10 விழுக்காட்டினரே வாழ்நாளில் நோயாளராகின்றனர். ஏனையோர் ஏன் நோயுறவில்லை? இவ்விடத்தில் நாம் மைய வினாவை அடைகின்றோம்.

4. ஏன் சிலர் மட்டும்?

1854இல் இலண்டனை வாந்திபேதி தாக்கியபோது, அதனை விளைவிக்கும் பற்றீரியாவை மருத்துவர் ஜோன் ஸ்னோ அறிந்திருக்கவில்லை. அவர் கேட்ட வினா எளிமையானது: இறந்தோர் யாருடைய நீரைக் குடித்தனர்? தென் இலண்டனில் இரு தனியார் கம்பனிகள், ஒரே தெருக்களில், நீர் வழங்கின. லாம்பெத் கம்பனி 1852இல் தன் நீரெடுக்கும் இடத்தைத் தேம்ஸ் நதியில் நகரக் கழிவுகளுக்கு மேலே மாற்றியிருந்தது. சவுத்வார்க்–வொக்சோல் கம்பனி கழிவு கலந்த பகுதியிலிருந்தே தொடர்ந்து எடுத்தது. தொற்றின் முதல் ஏழு வாரங்களில் 10,000 வீடுகளுக்கு இறந்தோர் தொகை முன்னதன் நீரைப் பெற்ற வீடுகளில் 37. பின்னதன் வீடுகளில் 315. ஒரு கம்பனியின் செலவுக் கணக்கு மனித உயிர்களில் எழுதப்பட்டதை இவ்விரு எண்களும் காட்டுகின்றன.

அதற்கு ஆறாண்டுகளுக்கு முன்னர், 1848இல், புரூசியாவின் ஆட்சியிலிருந்த மேல் சிலேசியாவிற் பேன்களாற் பரவும் தைபசுக் காய்ச்சலை ஆராய அரசு றுடோல்ப் விர்ச்சோவை அனுப்பியது. அவரும் அதன் பற்றீரியாவை அறியார். அவரது அறிக்கை மருந்துப் பட்டியலாக அமையவில்லை. முழுமையான மக்களாட்சி, கல்வி, நியாயமான வரி, போலிஷ் மொழி பேசிய அம்மக்களின் தாய்மொழிக்கு உரிய இடம் ஆகியவற்றையே அவர் பரிந்துரைத்தார்.

எனினும் இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். சமூகக் காரணங்களை வலியுறுத்திய விர்ச்சோவே பிற்காலத்தில் கிருமிக் கொள்கையை ஐயுறவுடன் நோக்கினார். 1882இல் றொபேட் கொக் கசநோய்ப் பற்றீரியாவை இனங்காட்டியமை அறிவியலின் பெரும் பாய்ச்சலாகும். பற்றீரியா இன்றிக் கசநோய் இல்லை. வறுமை மட்டும் அதனைத் தோற்றுவிக்காது. அதேவேளை, தொற்றுக்கு ஆளானோருள் எவர் நோயுறுவர் என்பதைப் போசாக்கின்மை, நெருக்கமான குடியிருப்பு, கற்றூசு படிந்த வேலைத்தலம், நீரிழிவு, எச்.ஐ.வி. தொற்று ஆகியவை பெரிதும் நிர்ணயிக்கின்றன. இவ்விரு உண்மைகளுள் ஒன்றை மட்டும் பற்றிக்கொள்வது இயந்திரப்பாங்கான சிந்தனையேயாகும்.

இங்கிலாந்திற் கசநோய் இறப்பு, பயனுள்ள மருந்து வருமுன்னரே பெருமளவு குறைந்துவிட்டதைத் தோமஸ் மக்கியோன் சுட்டிக்காட்டி, தொற்றுநோய் இறப்புக்களின் வீழ்ச்சிக்கு உணவு நிலை உயர்ந்ததே தலையாய காரணம் என வாதித்தார். 1988இல் சைமன் ஸ்றெற்றர் இதனை மறுத்து, குடிநீர், கழிவகற்றல், வீடமைப்பு ஆகியவற்றுக்காக நகரசபைகளில் நடந்த அரசியற் போராட்டங்களின் பங்கை வலியுறுத்தினார். பொருளாதார வளர்ச்சி தானாகவே நலத்தைத் தந்துவிடாது என்பது இவ்விவாதத்திலிருந்து நாம் பெறும் படிப்பினையாகும்.

5. மருந்து போதாதோ?

அன்ரிபயோற்றிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லிகள் பற்றீரியாவுக்கே உரிய அமைப்புக்களைத் தாக்குகின்றன. பெனிசிலின், மனிதக் கலத்தில் இல்லாத கலச்சுவர் உருவாவதைத் தடுக்கின்றது. வைரசுக்கு அத்தகைய சுவர் இல்லை. ஆகவே தடிமனுக்கும் வைரசுக் காய்ச்சலுக்கும் இம்மருந்துகளை வாங்கி உண்பது பயனற்றது. அத்துடன் குடலின் நற்பற்றீரியாக்களையும் அழிப்பது.

வேறொரு கேடும் உண்டு. பெருந்தொகையாகப் பெருகும் பற்றீரியாக்களுள் மருந்தைத் தாங்கும் மாற்றம் பெற்ற சில தோன்றும். மருந்து ஏனையவற்றைக் கொல்ல, அவை எஞ்சிப் பெருகும். இது இயற்கைத் தேர்வே. போதாத அளவில் மருந்து உட்கொள்வதன் ஆபத்தைப் பெனிசிலினைக் கண்டறிந்த பிளெமிங் 1945இல் தமது நோபல் உரையிலேயே எச்சரித்தார். மருத்துவத்தில் மட்டுமன்றி, இலாபத்துக்காக நடத்தப்படும் பெரும் பண்ணைகளிலும் இம்மருந்துகள் கட்டுப்பாடின்றிப் பயன்பட்டன. 2019இல் மருந்தை எதிர்க்கும் பற்றீரியாத் தொற்றுக்கள் நேரடிக் காரணமாக ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்பது ஆய்வாளர் மதிப்பீடு.

மிகைப் பயன்பாட்டின் மறுபக்கம் மருந்தே கிட்டாமை. கசநோயைக் குணமாக்கும் முதல் மருந்தான ஸ்ரெப்டோமைசின் 1943இற் கண்டறியப்பட்டது. தமிழ்ச் சிறுகதையின் பெருங்கலைஞர் புதுமைப்பித்தன் 1948இல், நாற்பத்திரண்டு வயதில், அதே நோயால் மறைந்தார். அக்காலத்தில் அம்மருந்து பிரித்தானியாவிற்கூடப் பற்றாக்குறையாகவே இருந்தது. ஆயின் 2023ஆம் ஆண்டில், மருந்துகள் பல வந்து பல தசாப்தங்களின் பின்னரும், கசநோயால் 12 இலட்சத்து 50 ஆயிரம் பேர் இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. இதற்குப் பற்றாக்குறை என்ற விளக்கம் போதாது.

இவ்வைந்து வினாக்களும் நமது மண்ணில் ஒன்றுசேரும் இடம் எலிக்காய்ச்சலாகும். லெப்டோஸ்பைரா என்ற பற்றீரியா எலி முதலிய விலங்குகளின் சிறுநீருடன் வெளியேறி, ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் உயிர்தரித்து, காலின் வெடிப்புக்கள், காயங்கள் வழியே உடலினுட் புகுகின்றது. 2008இல் இலங்கையில் 7,000க்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாயிற்று. 2024 நவம்பர் வெள்ளத்தின் பின்னர், டிசம்பரில் யாழ்ப்பாணத்திலும் இது உயிர்களைப் பறித்தது. காலந்தாழ்த்தாது சிகிச்சை பெறின் பெரும்பாலோர் பிழைப்பர். தாழ்த்தின் சிறுநீரகமும் நுரையீரலும் பாதிக்கப்படலாம். சேற்றில் இறங்கும் விவசாயிகளுக்கு டொக்சிசைக்கிளின் என்ற தடுப்பு மருந்தைச் சுகாதாரத் துறையினர் வழங்குகின்றனர்.

பற்றீரியா வயல் வரப்பிலே சாதி, வர்க்கம் பார்ப்பதில்லை. ஆனால் வெறுங்காலுடன் சேற்றில் நிற்பவர் யார், ஒருநாட் கூலியை இழக்க இயலாமற் காய்ச்சலோடு மூன்றாம் நாளும் வேலைக்குச் செல்பவர் யார் என்பவற்றைச் சமூகமே தீர்மானிக்கின்றது. அத்தொழிலாளிக்கு உரிய வேளையில் மருந்து கிடைக்கவேண்டும். இதனை மறுப்பது அறிவியலை மறுப்பதாகும். காய்ச்சல் கண்ட முதல் நாளே வைத்தியசாலைக்குச் செல்லும் வசதியும், அந்நாளின் கூலிக்கு உத்தரவாதமும் அவருக்கு வேண்டும். இவற்றை மருந்துக்குப் புறம்பானவையெனக் கருதாது, சிகிச்சையின் பகுதியாகவே கொள்ளுதல் வேண்டும்.