வருமா, வராதா? கட்டு பணத்தை!

1344இல் மாலைதீவிலிருந்து தமிழகக் கரைக்குப் போகவேண்டிய கப்பலொன்று காற்றில் திசைமாறிப் புத்தளத்துக்கு வந்து சேர்ந்தது. கரையைக் கண்டதும் மாலுமிகள் நடுங்கிப் போனார்கள். அது யாழ்ப்பாண மன்னர் ஆரியச்சக்கரவர்த்தியின் துறை. அவருடைய கப்பல்கள் கடலில் கொள்ளையடிப்பவை என்று பேச்சு; வணிகர்கள் நம்பி இறங்கும் இடமல்ல. கப்பலில் இருந்த மொரோக்கோப் பயணி இப்னு பதூதாதான், மதுரை சுல்தானின் உறவுக்காரன் நான் என்று சொல்லித் துணிந்து இறங்கினார்.

நடந்ததோ வேறு. மன்னர் பாரசீக மொழி விளங்கிக்கொண்டார். அவர் பக்கத்தில் முத்துக் குவியல். குளிப்பில் வந்த முத்துகளை ஆட்கள் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். விருந்தாளிக்கு முத்தும் மாணிக்கமும் கொடுத்து, பாவா ஆதம் மலைக்குப் போகப் பல்லக்கும் துணையாட்களும் தந்து அனுப்பினார்.

கொள்ளைக்காரர் என்று பெயர் வாங்கியவர் கொடுத்தார். பறித்தவர்கள் வேறு ஆட்கள். பின்னர் இந்தியாவின் மேற்குக் கரையில், ஹொன்னாவருக்குப் பக்கத்தில், 12 போர்ப் படகுகள் இப்னு பதூதாவின் கப்பலை வளைத்துக்கொண்டன. இலங்கையில் கிடைத்த மணிகள், துணிமணி, சாப்பாட்டுச் சாமான் எல்லாம் போயின. இடுப்பில் உடுத்ததோடு கள்ளிக்கோட்டைக்கு வந்த மனிதருக்குக் காதியார் ஒரு தலைப்பாகை கொடுத்தார், மற்றவர்கள் ஆளுக்கொரு துணி கொடுத்தார்கள். மாணிக்கங்கள் திரும்பக் கிடைத்ததாக அவர் எழுதவில்லை.

அன்றைக்குக் கள்ளிக்கோட்டைக் கடைத்தெருவில் இரண்டு பேர் இதில் பந்தயம் கட்டியிருந்தால்? கிடைக்காது என்று கட்டியவனுக்கு அந்த நிமிடமே ஒரு ஆசை பிறந்துவிடும்: கிடைக்கவே கூடாது! கள்ளர் பதுக்கிய இடம் தெரிய வந்தாலும் வாய் திறக்க மாட்டான். காசு வாங்காமலே கள்ளனுக்குக் கூட்டாளி. சூது பாவம் என்ற உபதேசத்தைவிட எனக்கு இந்தக் கணக்குத்தான் பெரிதாகப் படுகிறது.

இப்னு பதூதா புத்தளத்தில் இறங்கி மூன்று வருடத்தில், 1347இல், ஜெனோவாவில் எழுதப்பட்ட ஒப்பந்தம்தான் இன்று நம்மிடம் மிஞ்சியிருக்கும் கடல் காப்புறுதிப் பத்திரங்களில் மிகப் பழையது. பிற்காலத்தில் லண்டனில், எட்வர்ட் லொயிட்டின் கோப்பிக் கடையைச் சுற்றி இந்தத் தொழில் வளர்ந்தது. அங்கே காப்புறுதியும் சூதும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. ஒரு மூட்டை சரக்குக்கூடச் சொந்தமில்லாதவன் அடுத்தவன் கப்பல் மூழ்கும் என்று பணம் கட்டலாம். இதைத் தடுக்கத்தான் 1745ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது.

ஆனாலும் நாள் கடந்தும் வராத கப்பல்களின் மேல் பேரம் நிற்கவில்லை. காப்புறுதி கொடுத்தவர்களே பயந்துபோய்த் தங்கள் பொறுப்பில் ஒரு பங்கை வேறொருவர் தலையில் கட்டப் பார்ப்பார்கள். நாள் ஏற ஏற விலையும் ஏறும். கப்பல் செய்தி ஒருவர் காதில் மட்டும் முந்தி விழுந்தால் அவர் காட்டில் மழை. 1799இல் தங்கத்தோடு ஒல்லாந்துக் கரையில் மூழ்கிய லூட்டின் கப்பலின் மணியை 1858இல் வெளியே எடுத்து லொயிட்ஸில் தொங்கவிட்டார்கள். ஒரு தரம் அடித்தால் கப்பல் போயிற்று, இரண்டு தரம் அடித்தால் வந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சேதி. லூட்டினில் போன தங்கத்தில் பெரும்பகுதி இன்னும் கிடைத்தபாடில்லை என்பது வேறு கதை.

நம் பக்கத்தில் இதைவிடப் பழைய கணக்கொன்று தமிழிலேயே கல்லில் இருக்கிறது. நயினாதீவில் 12ஆம் நூற்றாண்டின் முதலாம் பராக்கிரமபாகு வெட்டுவித்த சாசனம்: யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவருக்கு. வேறு சரக்கென்றால் சரிபாதி. மன்னர் கெட்டிக்காரர். உடைந்த கப்பலில் அரசுக்குப் பங்கிருந்தால் கப்பல் உடைவதில் அரசுக்கு ஆசை வரும். தனக்கு வேண்டிய குதிரை வணிகர் பயந்து விலகிவிடுவார்கள். ஆகவே அவர்களுக்கு மட்டும் தன் பங்கைக் குறைத்துக்கொண்டார் என்றே நான் வாசிக்கிறேன்.

1852ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் கடல் விவகாரங்களில் ஆங்கிலச் சட்டமே இலங்கையில் செல்லும் என்றது. அந்த வழியில், 1906ஆம் ஆண்டின் ஆங்கிலக் கடல் காப்புறுதிச் சட்டம் இங்கும் பேசப்படுகிறது. சரக்கு போனால் உனக்கு நட்டமா என்பதே அதன் முதல் கேள்வி. நட்டமில்லாதவன் எழுதிய பத்திரம் வெறும் பந்தயம், செல்லாது.

இன்றைய கல்பிட்டிக் கடலில் மாணிக்கமில்லை. கடற்படை பிடிப்பது பீடி இலை மூட்டைகள், மஞ்சள், சில வேளைகளில் தங்கம். கடத்தல் சரக்குப் பற்றித் துப்புச் சொன்னவருக்குச் சுங்கம் வெகுமதி கொடுக்கும். அதுவும் ஒரு வகைப் பந்தயம்தான், ஆனால் 'கிடைக்கும்' என்ற பக்கம் மட்டுமே பணம் கட்டலாம். கடத்துகிறவருக்கோ காப்புறுதியே கிடையாது. சட்டவிரோதப் பயணத்துக்குப் பாதுகாப்பில்லை என்று 1906ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவு சொல்கிறது. ரோந்துப் படகைக் கண்டதும் பொதியைக் கடலில் போட்டுவிட்டு, பிறகு வந்து எடுக்கலாம் என்று கணக்குப் போடுவதுதான் அவர்களுக்கு மிஞ்சிய வழி. 2023 பெப்ரவரியில் இதே மன்னார் வளைகுடாவின் மறுகரையில், மண்டபத்துக்கு அருகே அப்படிப் போட்ட 17.74 கிலோ தங்கத்தை இந்தியக் கடலோரக் காவற்படையின் சுழியோடிகள் அடியிலிருந்து முந்திக்கொண்டு எடுத்துவிட்டார்கள்.