தோலிற் பதிந்த வரலாறு
கோஜிரா என்னும் அரக்க உருவின் ஆக்கம் பற்றிச் சில குறிப்புகள்

கலையாக்கம் பற்றிய நமது திறனாய்வுலகின் விவாதங்கள் பெரும்பாலும் யதார்த்தவாதத்தை மையமாகக் கொண்டே நிகழ்ந்து வந்துள்ளன. பூதம், அரக்கன், இயற்கையிறந்த விலங்கு என்பன சிறுவர் கதைக்கும் வணிகச் சினிமாவுக்கும் உரியன என ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. இவ்வொதுக்கல் முற்றிலும் நியாயமற்றது என நாம் கூறவில்லை. மக்களின் கவனத்தை அவர்தம் வாழ்க்கைப் பிரச்சினைகளினின்று திசைதிருப்பும் பண்டங்களாகவே இவற்றுட் பெரும்பாலானவை உற்பத்தி செய்யப்படுகின்றன. எனினும், முன்னொருபோதும் இருந்திராத ஓர் அரக்க உருவை ஒரு கலைஞன் எவ்வாறு ஆக்குகின்றான் என்ற வினா, உருவம்–உள்ளடக்கம் பற்றிய நமது பழைய விவாதத்திற்கே புதிய வெளிச்சம் தரக்கூடியது.

இவ்வினாவின் கடினத்தை முதலில் உணர்ந்துகொள்ள வேண்டும். கோயிலிற் சூரன்போருக்கெனச் சூரனின் உருவைச் செதுக்கும் ஆசாரிக்கு மரபு துணைநிற்கின்றது. கோரைப்பல், உருண்ட விழி, முறுக்கு மீசை, வண்ணம் என யாவும் தலைமுறை தலைமுறையாக வந்தவை; பார்க்கும் அடியாரும் அவற்றை அறிவர். அவனது திறன் அம்மரபினுள் நுட்பம் காட்டுவதிலேயே வெளிப்படுகின்றது. மரபில் இல்லாத அரக்கனை ஆக்குபவனுக்கு இவ்வசதி இல்லை. அவன் ஆக்குவது எவரும் கண்டிராததாக இருத்தல் வேண்டும். அதேவேளை, கண்டவுடன் அச்சம் தோன்றுமளவுக்கு ஏற்கெனவே அறியப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். அவ்வறிமுகம் எங்கிருந்து வருகின்றது? இதற்கு விடைகாண யப்பானில் 1954 ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட கோஜிராவை எடுத்துக்கொள்கின்றோம். ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் இது கொட்ஸில்லா எனப் பெயர்பெற்றது.

அவ்வாண்டு மார்ச் 1 ஆந் திகதி மார்ஷல் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த பிகினியில் அமெரிக்கா ஓர் ஐதரசன் குண்டை வெடித்துப் பரிசோதித்தது. அதன் வலு ஏறத்தாழ 15 மெகாதொன். விஞ்ஞானிகள் எதிர்பார்த்ததிலும் இரண்டரை மடங்கு. அபாய எல்லை என அறிவிக்கப்பட்ட பரப்புக்கு வெளியே மீன்பிடித்துக்கொண்டிருந்த ‘ஐந்தாம் அதிர்ஷ்ட நாகம்’ எனப் பொருள்படும் பெயர்கொண்ட யப்பானியப் படகின் மீது வெண்சாம்பல் மழையாய்ப் பொழிந்தது. படகிலிருந்தோர் 23 பேர். மார்ச் 14 இல் அவர்கள் யாய்சுத் துறைமுகத்தை அடைந்தபோது அவர்களது தோல் கருகியிருந்தது. கதிர்வீச்சேறிய சூரை மீன்கள் சந்தைகளிலிருந்து அகற்றி அழிக்கப்பட்டன. டோக்கியோவின் சுகினாமி வட்டாரத்தில் இல்லத்தரசியர் முன்னின்று தொடங்கிய கையெழுத்து இயக்கம் நாடெங்கும் பரவி, 1955 ஆகஸ்டுக்குள் 3 கோடிக்கு மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டியது. ஓர் அரக்கன் பிறப்பதற்கு வேண்டிய அச்சம், எந்தக் கலைஞனும் தூரிகையைத் தொடுமுன்பே மக்களிடையே நிலவியது.

இதே வேளையில் தோஹோ திரைப்பட நிறுவனத்தின் தயாரிப்பாளர் தொமொயுக்கி தனாக்கா, இந்தோனேசியாவுடன் கூட்டாகத் தயாரிக்கவிருந்த படமொன்றை இழந்தார். யப்பானிய ஆக்கிரமிப்பின் நினைவு ஆறாதிருந்த அந்நாட்டின் அரசு, படக்குழுவினருக்கு நுழைவு அனுமதி வழங்கவில்லை. வெறுங்கையுடன் விமானத்தில் திரும்புகையிற் கீழே விரிந்த கடலை நோக்கியபோதே குண்டினால் எழுப்பப்பட்ட கடல் விலங்கின் எண்ணம் தமக்குத் தோன்றியது எனப் பிற்காலத்தில் அவர் கூறினார். இத்தகைய ‘திடீர் உதய’க் கதைகளை நாம் சற்று எச்சரிக்கையுடனேயே ஏற்க வேண்டும். 1933 இல் வெளியான ‘கிங் கொங்’ 1952 இல் மீண்டும் திரையிடப்பட்டுப் பெரும்பொருள் ஈட்டியிருந்தது. அணுக்குண்டினால் விழித்தெழும் தொல்விலங்கைக் காட்டும் அமெரிக்கப் படமொன்று 1953 இல் வெளிவந்திருந்தது. சந்தையும் அவரது எண்ணத்தில் ஒரு பங்காளியே.

ஆனாற் சந்தை உருவைத் தந்துவிடவில்லை. கதையை எழுதும் பணி ஷிகெரு கயாமா என்ற எழுத்தாளரிடம் ஒப்படைக்கப்பட்டபோது அவ்விலங்கு எத்தகையது என்பதே முடிவாகியிருக்கவில்லை. சிறப்புக் காட்சிகளுக்குப் பொறுப்பாளரான எய்ஜி சுபுராயா, இந்துசமுத்திரத்தில் மரக்கலங்களைத் தாக்கும் பேருருவ எண்காலிக் கணவாயொன்றை மனத்திற் கொண்டிருந்தார். ‘கோஜிரா’ என்ற பெயரோ கொரில்லாவையும் திமிங்கிலத்தையும் குறிக்கும் யப்பானியச் சொற்களின் ஒட்டு. பெயர் ஒரு திசையிலும் உருவம் வேறொரு திசையிலும் சென்றன. இறுதியில் ஆக்கப்பட்ட விலங்கு கொரில்லாவுமன்று, திமிங்கிலமுமன்று.

முதலில் வரைபடங்களுக்கென அமர்த்தப்பட்டவர் கசுயோஷி அபே என்னும் சித்திரக்காரர். அவர் வரைந்த விலங்கின் தலை, அணுக்குண்டு வெடிக்கையில் எழும் காளான் வடிவ முகிலைப் போன்றிருந்தது. அது ஏற்கப்படவில்லை. இக்கட்டத்திற் சிறிது தரித்து நிற்பது பயனுடையது. அபேயின் எண்ணம் தவறானதா? கருத்தளவில் அது முற்றிலும் சரியானது. படம் சொல்லவந்த செய்தியும் அதுவே. ஆயினும் அங்கே குண்டு விலங்கின் தலைமீது ஒரு தொப்பியைப்போல வைக்கப்பட்டுள்ளது. பார்ப்பவன் அதனை விளங்கிக்கொள்வான், அஞ்சமாட்டான். நமது முற்போக்கு எழுத்துகளிற் சில, கதையின் முடிவிற் பாத்திரத்தின் வாயிற் சுலோகத்தைத் திணித்துவிட்டு உள்ளடக்கம் நிறைவேறியதாக எண்ணுவதை நாம் கண்டிருக்கின்றோம். அபேயின் வரைபடம் அவ்வகைத் தவறின் சித்திர வடிவம் என்பது எமது எண்ணம். பின்னர் அவர் காட்சித் தொடர்ப் படங்களை வரைவதில் ஈடுபடுத்தப்பட்டார்.

அடுத்த கட்டத்தில் கலை இயக்குநர் அக்கிரா வத்தனாபேயும் சிற்பி தெய்சோ தொஷிமிட்சுவும் பணியை ஏற்றனர். தொல்விலங்குகள் பற்றிய நூற்படங்களையும் சஞ்சிகைப் படங்களையும் அவர்கள் முன்வைத்துக்கொண்டனர். டைரனோசோரசின் நிமிர்ந்த உடல், இகுவானோடொனின் சாயல், ஸ்டெகோசோரசின் முதுகுத்தகடுகள் என ஒன்றோடொன்று சேராதவை ஓருடலிற் சேர்க்கப்பட்டன. விலங்கியலாளர் நகைப்பர். படத்தில் வரும் முதிய பேராசிரியர் யூராசிக் காலத்தை ஏறத்தாழ 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தியது என விளக்குகின்றார். பதினான்கு கோடி ஆண்டுகளுக்குமேல் அவர் தவறவிட்டுவிட்டார்! வாலை நிலத்தில் இழுத்தவாறு நிமிர்ந்து நிற்கும் தோற்றமும் அக்கால விஞ்ஞானத்தின் கொள்கையே. அது பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் இவற்றால் அவ்வுரு பழுதுபடவில்லை. கலைஞருக்கு வேண்டியிருந்தது தொல்விலங்கன்று, தொன்மை என்ற உணர்வே.

தொஷிமிட்சு களிமண்ணில் மூன்று மாதிரிகளை அடுத்தடுத்துச் செய்தார். உடலமைப்பு ஓரளவு நிலைபெற்றபின் அவற்றிடையே முக்கியமாக மாறியது தோல் ஒன்றே. முதன் மாதிரியின் மேனியிற் செதில்கள், இரண்டாவதில் மருக்கள், மூன்றாவதில் முதலையின் முதுகைப் போன்று கரடுமுரடாக நெருங்கியோடும் வரிமேடுகள். மூன்றாவதே ஏற்கப்பட்டது. செதில் ஒழுங்கானது. ஆரோக்கியமான விலங்கொன்றின் இயல்பான போர்வை அது. அதனைக் காண்பவன் மீனையோ பல்லியையோ நினைவுகொள்வான். மூன்றாம் மாதிரியின் மேனி, வெந்து பின் தாறுமாறாக ஆறிய சதையைப் போன்றது. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் உயிர்தப்பியோரின் உடலிற் படர்ந்த தடித்த தழும்புகளை அது நினைவூட்டுவதாகத் திறனாய்வாளர் பலர் கூறியுள்ளனர். 1954 இன் யப்பானியப் பார்வையாளருக்கு அத்தழும்புகளை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முன்னர் நாம் கேட்ட வினாவுக்கு விடை இங்குள்ளது. உரு எவரும் காணாதது. தோல் எல்லோரும் கண்டது. அழிப்பவன் மீதே அழிக்கப்பட்டவனின் காயம் பதிந்திருப்பதனால், கோஜிராவைப் பார்ப்பவன் அதனை வெறுப்பதோடு அதற்கு இரங்கவும் நேர்கின்றது. காளான் முகில் வடிவத் தலையினால் இயலாததை இத்தோல் இயலச் செய்தது.

இயக்குநர் இஷிரோ ஹொண்டா சீனத்திற் போர்வீரராகவும் கைதியாகவும் இருந்து, 1946 இல் நாடு திரும்பும் வழியில் ஹிரோஷிமாவைக் கடந்து வந்தவர். கண்ணுக்குப் புலப்படாத கதிர்வீச்சைப் புலப்படச் செய்ய விரும்பியதாகப் பின்னர் அவர் கூறியுள்ளார். கயாமாவின் கதையில் இரைதேடும் விலங்காக இருந்த கோஜிராவை, திரைக்கதையை எழுதிய தக்கேயோ முராத்தாவும் ஹொண்டாவும் அவ்விலங்குத் தன்மையினின்று விடுவித்தனர். படத்திற் கோஜிரா பசிக்காக வருவதில்லை.

களிமண் மாதிரியிலிருந்து திரைக்கு வருவதற்கு இன்னொரு பெருந்தடை இருந்தது. ‘கிங் கொங்’ படத்திற் கையாளப்பட்டது போன்று பொம்மையைச் சட்டம் சட்டமாக அசைத்துப் படமாக்கும் முறையையே சுபுராயா விரும்பினார். ஆனால் அம்முறையில் இப்படத்தை முடிக்க ஏழாண்டுகள் செல்லும் என்பது அவரது கணிப்பு. கிடைத்ததோ சில மாதங்கள். எனவே மனிதன் உள்ளே நின்று நடக்கும் உடையொன்றைச் செய்ய முடிவாயிற்று. மூங்கிலாலும் கம்பியாலும் சட்டம் கட்டி, அதன்மேற் கம்பிவலையும் திணிப்பும் இட்டு, உருக்கிய றப்பரைப் படைபடையாகப் பூசினர். முதலுடை ஏறத்தாழ 100 கிலோ. அதனுள் நின்று சில அடிகளுக்கு மேல் நடத்தல் அரிதாயிற்று. அது இடுப்பளவில் இரண்டாக வெட்டப்பட்டு, கால்களை மட்டும் காட்டும் காட்சிகளுக்குப் பயன்பட, எடைகுறைந்த இரண்டாம் உடை செய்யப்பட்டது. உள்ளே நின்றவர்களுள் முதன்மையானவர் ஹருவோ நக்காஜிமா. அவர் உவெனோ மிருகக்காட்சிச் சாலைக்குச் சென்று கரடியும் யானையும் அடியெடுத்து வைக்கும் விதத்தைக் கவனித்துப் பயின்றார். விளக்குகளின் வெப்பத்தில் வியர்வை உடையினுள்ளே தேங்கியது.

கோஜிராவின் நடையிலுள்ள பாரமும் தயக்கமும் இவ்வாறு பிறந்தவை. உடையின் எடையும் உள்ளிருந்த தொழிலாளியின் களைப்பும், வேகப்படப்பிடிப்பினால் மெதுவாக்கப்பட்டு, 50 மீற்றர் உயர விலங்கின் கனமாக மாறின. வசதியின்மை கலையின் குணமாக மாறிய இடம் இது. ஆயினும் இதனைக் கொண்டு வறுமையே கலையை வளர்க்கும் என வாதிடுவோருக்கு நாம் துணைபோக மாட்டோம். நக்காஜிமாவின் வியர்வைக்கு அத்தகைய பெருமை தேவையில்லை.

குரலும் இவ்வாறே அமைந்தது. விலங்குகளின் ஒலிகளைப் பதிந்து கலந்து பார்த்தும் பொருந்தவில்லை. இசையமைப்பாளர் அக்கிரா இஃபுகுபே, பெரிய தந்தி வாத்தியமான டபிள்பாஸின் தந்திகளைத் தளர்த்தி, பிசின் தடவிய தோற்கையுறையால் அவற்றை இழுத்து எழுப்பிய ஒலியைப் பதிந்து, அதன் வேகத்தை மாற்றினார். எந்த உயிரின் தொண்டையிலிருந்தும் வராத அவ்வொலியில் ஓர் உயிரின் நோவு கேட்கின்றது.

இதுவரை கூறியவற்றிலிருந்து கோஜிராவை ஆக்கிய ‘கலைஞன்’ யார் என்ற வினா எழும். தனாக்காவா, சுபுராயாவா, தொஷிமிட்சுவா, உடை தைத்தவர்களா, உள்ளே நடந்தவரா? தனிமனித மேதையின் தரிசனம் என்ற கொள்கை இங்கு உதவாது. ஏற்கப்படாத வரைபடமும் சுமக்கவியலாத உடையும்கூட இவ்வாக்கத்திற் பங்குகொண்டுள்ளன.

எனினும் இப்படத்தைப் புகழ்ந்து அமைவது நேர்மையாகாது. சுபுராயா சிற்றுருவ மாதிரிகளை அமைக்கும் தமது கலையைச் செம்மைப்படுத்திய படங்களுள் ஒன்று, 1942 இல் யப்பானியக் கடற்படையின் வெற்றிகளைப் போற்றி எடுக்கப்பட்ட ‘ஹவாய்–மலாயாக் கடற்போர்’ ஆகும். ஹவாயைத் தாக்கிய அதே விமானந்தாங்கிக் கப்பற்படையே அவ்வாண்டு ஏப்ரல் 5 இற் கொழும்பின் மீதும் 9 இல் திருகோணமலையின் மீதும் குண்டு பொழிந்தது என்பதை இலங்கையர் மறத்தல் இயலாது. போர்ப் பிரசாரத்திற் பங்குகொண்டமைக்காக 1948 இல் ஆக்கிரமிப்பு நிருவாகம் சுபுராயாவைப் பதவிநீக்கத்துக்கு உள்ளாக்கியது. அன்று எதிரியின் கப்பல்களை மூழ்கடித்துக் காட்டிய அதே கைகள் 1954 இல் டோக்கியோவை எரித்துக் காட்டின. கோஜிராவின் தோலில் ஹிரோஷிமாவின் காயம் உண்டு. நான்கிங்கின் காயம் இல்லை. சீனத்திற் போரிட்ட ஹொண்டாவின் படத்திற் சீனர் எவரும் நினைவுகூரப்படுவதில்லை. இந்தோனேசியாவின் கதவடைப்பினாற் பிறந்த படம், அக்கதவு ஏன் அடைக்கப்பட்டது எனக் கேட்கவில்லை. யப்பான் துன்புற்ற நாடாக மட்டுமே அங்கு நிற்கின்றது. இக்குறை தற்செயலானதன்று. தோலின் கரடுமுரடை இத்துணைக் கூர்மையாகத் தேர்ந்த கலைஞர் குழு, எவருடைய தோல் என்பதைத் தேர்வதிற் தம் சமூகத்தின் மறதிக்கு உட்பட்டிருந்தது.

படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த காலத்தில், செப்டெம்பர் 23 இல், ‘அதிர்ஷ்ட நாக’த்தின் வானொலி இயக்குநர் அயிகிச்சி குபொயாமா உயிர்நீத்தார். நவம்பர் 3 இற் படம் வெளியாகியது. ஏறத்தாழ 96 இலட்சம் பேர் அதனைக் கண்டனர். 1956 இல் அமெரிக்க நிறுவனமொன்று அதனை வெட்டி, அமெரிக்க நிருபர் பாத்திரமொன்றைப் புதிதாகப் படம்பிடித்து இணைத்து வெளியிட்டது. புகைவண்டியில் இளம்பெண்ணொருத்தி நாகசாகியில் தான் உயிர்தப்பியதையும் கதிர்வீச்சேறிய மீனையும் குறிப்பிடும் உரையாடல் அப்பதிப்பில் இல்லை. யப்பானிலேயே 1964 இன் பின்னர் கோஜிரா மெல்ல மெல்லப் பூவுலகைக் காக்கும் வீரனாக மாற்றப்பட்டது. கண்கள் பெரிதாகின, முகம் மிருதுவாயிற்று; 1967 இல் அதற்கொரு குழந்தையும் தோன்றியது. 2016 இல் மீண்டும் அச்சமூட்டும் உருவை அமைக்க முற்பட்ட மஹிரோ மயேதாவும், அதனைச் சிற்பமாக்கிய தக்காயுக்கி தக்கேயாவும் அரைநூற்றாண்டுக் காலத்து மென்மையை விலக்கி முதலுருவின் தோலிடமே திரும்பிச் சென்றனர். இம்முறை அத்தோலின் வெடிப்புகளினூடே உள்ளிருக்கும் சதை செந்நிறமாய் ஒளிர்ந்தது. யப்பானியர் 2011 இன் புக்குஷிமா அணு உலை விபத்தைக் கண்டிருந்தனர்.