குறுங்காணொளிகளில் கருநாடக இசையும் பரதமும்: கால அளவு நிகழ்த்தும் தேர்வு

ஆய்வுச்சுருக்கம்

கருநாடக இசைத் துணுக்குகளுக்கு ஆடப்படும் பரதநாட்டியக் குறுங்காணொளிகள் சமூக ஊடகங்களில் பெருகியுள்ளன. இவற்றின் கால வரையறை நிருத்தத்திற்கு இடமளித்து, அபிநயத்தின் விரிவைக் குறைக்கிறது என்பதைத் தாளக் கணக்கின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பரதநாட்டியம், ஆதி தாளம், தீர்மானம், சஞ்சாரி, குறுங்காணொளி.

முன்னுரை

2020 ஜூன் இறுதியில் இந்தியாவில் டிக்டாக் தடைசெய்யப்பட்டது. அடுத்த சில மாதங்களில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், யூடியூப் ஷார்ட்ஸ் ஆகியன இங்கு அறிமுகமாயின. தொடக்கத்தில் 15 நொடிகளை மட்டுமே அனுமதித்த இவை, இன்று 3 நிமிடம் வரை இடமளிக்கின்றன. இக்காணொளிகள் பற்றிய விவாதம் பெரும்பாலும் மரபுத் தூய்மை என்னும் வினாவிலேயே நின்றுவிடுகிறது. கால அளவு அதனினும் அடிப்படையான வினா ஆகும்.

தீர்மானமும் 15 நொடியும்

ஆதி தாளம் 8 அட்சரங்களைக் கொண்டது. நிமிடத்திற்கு 64 அட்சரம் என்னும் காலப்பிரமாணத்தில் ஓர் ஆவர்த்தனம் 7.5 நொடி ஆகும். 15 நொடியில் இரண்டு ஆவர்த்தனங்கள் நிறைவுறும். சதுஸ்ர நடையில் இது 64 மாத்திரை. ‘ததிங்கிணதொம்’ என்னும் ஐந்து மாத்திரைச் சொற்கட்டு மும்முறை வர 15 மாத்திரை செல்லும். எஞ்சிய 49 மாத்திரையில் கோர்வையின் முற்பகுதியை அமைக்கலாம். காணொளி தானே மீண்டும் ஓடத் தொடங்கும்போது அத்தொடக்கம் சமத்தில் விழுவதால் தாளம் முறிவதில்லை. காலப்பிரமாணம் 80 அட்சரமாயின் இரண்டரை ஆவர்த்தனமே அமையும்; மீள்தொடக்கத்தில் தாளம் அறுபடும். இக்கணக்கை அறிந்து தொகுத்தால் ஜதிஸ்வரம், தில்லானா ஆகியவற்றின் பகுதிகள் குறுங்காணொளியில் சிதைவின்றி அமையும்.

சஞ்சாரியின் இழப்பு

தஞ்சை நால்வர் ஒழுங்குபடுத்திய மார்க்கத்தில் வர்ணம் நடுநாயகமானது. அரைமணி நேரமோ அதற்கு மேலுமோ நீள்வது. பாடலடி ஒன்றைப் பாடகர் மீண்டும் மீண்டும் பாட, ஆடுபவர் ஒவ்வொரு முறையும் புதியதொரு பொருள் விரிவைக் காட்டுவார். அதே காலப்பிரமாணத்தில் இரண்டு களை ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனமே 15 நொடியை எடுத்துக்கொள்ளும். அடி ஒருமுறை ஒலிப்பதற்குள் காணொளி முடிந்துவிடும். காணொளியின் மீள்சுழற்சி இதனை ஈடுசெய்யாது. அது அதே அசைவையே திரும்பக் காட்டுகிறது. சஞ்சாரியோ ஒரே சொல்லுக்கு வேறு வேறு பொருளைக் காட்டுகிறது.

முடிவுரை

நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற இசைத்தட்டுகளிலும் பக்கமொன்றுக்கு ஏறத்தாழ 3 நிமிடமே கிட்டியது. அதற்கேற்ப ஆலாபனையும் கிருதியும் சுருக்கப்பட்டன; ஆயினும் கச்சேரி மேடை விரிவைக் காத்தது. குறுங்காணொளியும் இன்று அதே அளவை எட்டியுள்ளது. 3 நிமிடத்தில் மேற்கூறிய இரண்டு களை ஆவர்த்தனங்கள் 12 அமையும். ஓர் அடிக்கு இரண்டு மூன்று சஞ்சாரிகளை ஆட இது போதுமானது. நிருத்தத் துணுக்குகளை மட்டுமே கண்டு பழகும் மாணவர் அதனையே பரதம் எனக் கொள்ளக்கூடும். ஆகவே நாட்டிய ஆசிரியர்கள் அபிநயப் பகுதிகளையும் இவ்வடிவில் வெளியிடுவதும், இராகம், தாளம், இயற்றியவர் பெயர் ஆகியவற்றைக் குறிப்பிடுவதும் இன்றியமையாதன.