சரக்கு போயாச்சு... பணம் எப்போ வரும்?

விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் இருந்து கிளம்பும் சரக்கு, வேப்பூர் கூட்டு ரோட்டில் நெடுஞ்சாலை ஏறிவிட்டால் ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் திருச்சி. பொம்மையோ, ஃபியூஸ் கட்டையோ, மறுநாளே கடைக்குப் போய்விடும். அதற்கான பணம்?

முன்பு செக் வரும். அது தேறிவர நாளாகும். இப்போது எல்லாம் செல்போனில்தான். 2016-ல் வந்த யுபிஐ-யில் நொடியில் பணம் ஏறிவிடும். ஆனால், வழக்கமான உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாய். அதைத் தாண்டிய பில்லுக்கு வங்கி ஆப்பில் நெஃப்ட். 2 லட்சத்துக்கு மேல் என்றால் ஆர்டிஜிஎஸ்ஸும் உண்டு. 2020 டிசம்பரில் இருந்து இரண்டுமே 24 மணி நேரமும் இயங்குகின்றன. ‘இன்னிக்கு பேங்க் லீவு’ என்ற சாக்கு இனி செல்லாது.

சாக்குக்கா பஞ்சம்? ‘அடுத்த வாரம் போட்டுடறேண்ணே’ என்பதற்கு எந்த ஆப்பிலும் மருந்து இல்லை. சூளை எரிபொருளும், வாரக் கூலியும் அதுவரை காத்திருக்குமா?

இங்கே கைகொடுப்பது சட்டம்தான். ‘உத்யம்’ பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள்களில், இல்லையென்றால் 15 நாள்களில் பணம் தர வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டு வட்டி. 2024 ஏப்ரலில் வந்த வருமான வரி விதி இன்னொரு பிடி. கெடு தாண்டினால், பணத்தைக் கொடுத்த ஆண்டில்தான் வாங்கியவர் அதைச் செலவாகக் காட்ட முடியும். மார்ச் மாதத்தில் ஆடிட்டரே அவரை விரட்டுவார்!

அப்படியும் வராவிட்டால், குறு, சிறு தொழில் வசதியாக்க கவுன்சிலுக்கு ஆன்லைனிலேயே மனு போடலாம். அதற்கு பில்லில் உத்யம் எண்ணும், சரக்கு இறங்கிய தேதியோடு கையெழுத்தும் இருக்கட்டும். வண்டி திரும்பும் முன்பே அதை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.